ஆறு புள்ளி நாட்குறிப்பு

ஜூன் 3

பிரெயில், பார்வையற்றவர்கள் விரலால் தொட்டுப் படிக்கும் புடைத்த புள்ளி எழுத்து. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம், ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிவரை. அதில் விரல் நின்றால் எழுத்து மறைந்துவிடுகிறது. இன்று தெரிந்துகொண்டது இவ்வளவுதான். புள்ளியின் மேல் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணத் தோன்றும். எண்ணக் கூடாது. அழுத்தினால் தோல் மடிந்து புள்ளிகளெல்லாம் ஒரே மேடாகிவிடும். இடமிருந்து வலமாக, தண்ணீரின் மேற்பரப்பைக் கலைக்காமல் தடவுவதுபோல் போக வேண்டும். சந்தேகம் வந்தால் மேலும் கீழுமாகத் தேய்க்க விரல் துடிக்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு வேகமே வராது.

முதல் வாரம் எழுத்தே வேண்டாம். ஆறு புள்ளியும் நிரம்பிய கட்டங்கள், நடுவில் வெற்றிடங்கள், அப்படி ஒரு தாள் போதும். வரியை விட்டு இறங்காமல் கடைசிவரை போக முடிகிறதா என்பதே பாடம்.

ஜூன் 4

பதினைந்து நிமிடம். விரல் மரத்துவிட்டது. நாளைக்கு இரண்டு தவணையாக.

ஜூன் 6

புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே சுமார் 2.5 மில்லிமீட்டர். உயரம் அரை மில்லிமீட்டர். இந்த அளவு எங்கிருந்து வந்தது என்பதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த சார்ல் பார்பியே என்பவர் முதலில் அமைத்த கட்டத்தில் பன்னிரண்டு புள்ளிகள். அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. ஒரு எழுத்துக்கே விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டியிருந்தது. பார்வையற்ற பிரெஞ்சு மாணவர் லூயி பிரெயில் அதைப் பாதியாக்கினார். 1824இல், பதினைந்து வயதில். ஆறு புள்ளி என்பது விரல் நுனி ஒரே தொடுதலில் அறியக்கூடிய அளவு. கண்ணுக்காக எழுந்த எழுத்தைப் புடைக்க வைத்தவர்கள் பலர். விரலிடம் உனக்கு என்ன தெரியும் என்று கேட்டு எழுத்தை அமைத்தவர் அவர். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

எல்லா விரலும் ஒன்றல்ல. வலது ஆள்காட்டி விரல் காய்த்துப்போயிருந்தால் இடதைச் சோதிக்க வேண்டும். சர்க்கரை நோயால் நுனி உணர்வு குறைந்தவர்களுக்கு இடைவெளி கூட்டிய பெரிய பிரெயில் உண்டு, அதில் தொடங்கலாம். குளிர்ந்த கையோடு உட்காரக் கூடாது. வியர்த்த கை தாளில் ஒட்டும், கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஜூன் 9

"அதான் போனே படிச்சுக் காட்டுதே, இது எதுக்கு?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

போன் படிக்கும். நன்றாகவே படிக்கும். திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது, அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் காது வழியாக வருவது ஒலி மட்டும். றகரமா ரகரமா, நகரமா னகரமா என்று காது சொல்லாது. குரல் கொஞ்சம் வேகமானால் லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுகின்றன. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திக் கேட்கலாம்தான், ஒரு பக்கம் முழுக்க யார் அப்படிக் கேட்பார்கள்? எழுத்தைத் தொடாமல் கேட்டுக்கொண்டே போனால் கொஞ்ச நாளில் சொல்லின் உருவம் கரையத் தொடங்கும். முதலில் ஒற்று மிகும் இடங்கள் போகும், அப்புறம் ரகர றகரம். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிவந்த ஒருவருக்கு இது சின்ன இழப்பு அல்ல.

இன்னொன்றும் உண்டு. குரல் தன் வேகத்தில் போகும். விரல் ஒரு சொல்லில் நிற்கும், திரும்பும், அடுத்த சொல்லுக்குப் போகத் தயங்கும். வாசிப்பு என்று இத்தனை காலம் சொன்னது அந்தத் தயக்கத்தையும் சேர்த்துத்தான்.

ஜூன் 10

இன்று தாளைத் தொடவில்லை.

ஜூன் 13

தமிழுக்கும் மற்ற இந்திய மொழிகளுக்கும் பொதுவாக 1951இல் ஏற்கப்பட்டது பாரதி பிரெயில். ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் பெரும்பாலும் ஒரே கட்டம். கட்டத்தின் இடப்பக்கத் தூணில் மேலிருந்து கீழே புள்ளிகள் 1, 2, 3. வலப்பக்கத் தூணில் 4, 5, 6. அ என்றால் 1 மட்டும். க 1-3. ம 1-3-4. ஆ 3-4-5.

உயிர்மெய்க்குத் தனி வடிவம் இல்லை. மெய்யின் கட்டத்தை அடுத்து உயிரின் கட்டம் வரும். அச்சில் கொ எழுதினால் ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். இங்கே க, அடுத்து ஒ. வாய் சொல்லும் வரிசையே விரலின் வரிசை. 247 எழுத்துக்கு எத்தனை வடிவம் மனப்பாடம் செய்ய வேண்டுமோ என்று பயந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

தடுக்குவது புள்ளியில்தான். அச்சில் எழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளி இங்கே எழுத்துக்கு முன்னால் தனிக் கட்டமாக வரும், எண் 4 மட்டும். அம்மா என்றால் அ, புள்ளி, ம, ம, ஆ. ஐந்து கட்டம். மெய்யைத் தொடுவதற்கு முன்பே அது ஒற்று என்று தெரிந்துவிடும். பழக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை புள்ளியை அகரம் என்று படித்துக்கொண்டே இருப்போம், இரண்டுமே ஒற்றைப் புள்ளி. பக்கத்துக் கட்டத்தோடு ஒப்பிட்டால்தான் இடமா வலமா என்று தெரியும்.

ஜூன் 14

ல. ள. ல. ல. ள.

ஜூன் 19

பிரெயில் எழுதும் ஸ்லேட் வந்துவிட்டது. கீல் வைத்த இரண்டு தகடு, நடுவில் தாள், கையில் ஸ்டைலஸ். நம் பழைய சொல்லான எழுத்தாணி அதற்கு அப்படியே பொருந்துகிறது.

தாளைக் குத்தினால் புள்ளி மறுபக்கம்தான் புடைக்கும். ஆகவே வலமிருந்து இடமாக எழுதி, எடுத்துத் திருப்பிப் படிக்க வேண்டும். இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். இடம், வலம் என்று நினைத்தால் குழம்பும். எழுதும்போதும் சரி, படிக்கும்போதும் சரி, முதலில் எதிர்ப்படும் தூண் 1-2-3, அடுத்தது 4-5-6. அப்படி மட்டும் நினைத்தால் எதையும் மனதில் திருப்ப வேண்டியதில்லை.

எழுத்தாணி செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் புள்ளி ஒரு பக்கம் வழியும். அழுத்தினால் தாள் கிழிந்து ஓட்டை விழும், ஓட்டையை விரல் படிக்காது. சாதாரண எழுதுதாள் உதவாது, 120 முதல் 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை தடிமன் வேண்டும். சரியாகக் குத்தினால் சின்னதாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நம்பலாம். தவறிவிட்டால் நகத்தால் தேய்த்து அழிக்க வேண்டாம், பாதிப் புள்ளி மிஞ்சி இன்னும் குழப்பும். ஆறு புள்ளியும் குத்தி அந்தக் கட்டத்தை அடைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

பெர்கின்ஸ் என்ற பிரெயில் தட்டச்சு இயந்திரம் கிடைத்தால் முதலில் அதில் எழுதிப் பழகுவதே நல்லது. ஆறு புள்ளிக்கு ஆறு விசை, எதையும் திருப்ப வேண்டாம், அடித்த உடனே தொட்டுப் பார்க்கலாம். ஆனால் ஏறக்குறைய ஐந்து கிலோ கனம். ஸ்லேட் சட்டைப் பையில் இருக்கும்.

ஜூன் 20

திருப்பிக் குத்தினால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தது:

ல 1-2-3, திருப்பினால் 4-5-6, அது ள. தலை தளையாகும்.
வ திரும்பினால் ண. ஊ திரும்பினால் த. இ திரும்பினால் ஏ.
ழ 1-2-3-5-6. திருப்பினால் 2-3-4-5-6, ட.

வாழ என்று குத்தியதில் கடைசிக் கட்டம் மட்டும் திரும்பி, வாட என்று வந்திருந்தது. கொஞ்ச நேரம் விரலை அதிலிருந்து எடுக்க முடியவில்லை. பிறகு அந்தக் கட்டத்தை ஆறு புள்ளியாலும் அடைத்துவிட்டு, பக்கத்தில் ழ.

ஜூன் 24

தாள்களை அடுக்கிக் கனம் வைத்ததால் பாதி வரி நசுங்கிவிட்டது. நிறுத்தி வைக்க வேண்டும்.

ஜூலை 1

பெயர்ச்சீட்டுகள். ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் குத்தினால் வெகுநாள் இருக்கும். மூடியில் ஒட்டக் கூடாது, மூடிகள் இடம் மாறும். டப்பாவின் உடம்பில் ஒட்ட வேண்டும், நிமிர்த்திப் பிடித்தால் எழுத்து நேராக இருக்கும்படி. மாத்திரை அட்டையில் ஒட்டினால் பிரிக்கப் பிரிக்கக் கிழியும், பெட்டியில்தான் ஒட்ட வேண்டும். அவசரத்துக்கு ரப்பர் வளையம் போதும்: காலைக்கு ஒன்று, இரவுக்கு இரண்டு. மருந்தில் மட்டும் நினைவை நம்பவே கூடாது.

இரண்டு மூன்று எழுத்துதான் ஒரு சீட்டில். ஆனால் யாரையும் கூப்பிடாமல் சரியான பெட்டி கைக்கு வருகிறது. இந்த வேலை முழுக்க எதற்காக என்பது அப்போது தெரிகிறது.

ஜூலை 2

எண்ணுக்கு முன்னால் 3-4-5-6 வரும். அதேதான் ணகரமும். குழம்புமோ என்று இரவெல்லாம் யோசனை. குழம்பாது. தமிழில் எந்தச் சொல்லும் ணகரத்தில் தொடங்குவதில்லை. சொல்லின் தலையில் 3-4-5-6 வந்தால் அது எண்.

பள்ளியில் படித்த மொழிமுதல் எழுத்து இலக்கணம் இப்படி விரலுக்கு உதவும் என்று யார் நினைத்தார்கள்!

ஜூலை 5

ல எது, ள எது என்று இன்று ஒருமுறைகூட நிற்கவில்லை.

ஜூலை 8

இரண்டு கையும் வேண்டும். வலக்கை வரியின் பிற்பாதியைப் படிக்கும்போதே இடக்கை அடுத்த வரியின் தொடக்கத்தில் போய்க் காத்திருக்க வேண்டும். ஒற்றைக் கையால் படித்தால் ஒவ்வொரு வரி முடிவிலும் தேடல்தான். திரும்பி வரும்போது அதே வரியின் மேல் வந்து, பிறகு ஒரு வரி இறங்கினால் வரி தாவாது. முழங்கை மேசைமேல் ஊன்றியிருந்தால் கை வளைவாகப் போய் மேல்வரிக்கு ஏறிவிடும். முழுக் கையும் நகர வேண்டும்.

ஜூலை 9

பதினோரு வரி, நிற்காமல்.

பன்னிரண்டாவது வரியின் முதல் கட்டம் 5-6, ன. னகரத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. அப்படியானால் இது வரியின் தொடக்கம் இல்லை. இடக்கை தள்ளி நிற்கிறது. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்