முப்பது டிகிரி வெயிலில் ஐஸ்: ஒரு பில்லை ரத்து செய்ய வைத்த அனுபவம்

ஐஸ் உருகிவிடும். விமான எஞ்சினில் காற்றையும் எரிபொருளையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரில் ஐஸ் பிடித்து எஞ்சின் சக்தி குறைந்தது என்று எழுதிக் கொடுப்பவருக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. தரையிறங்கி, எஞ்சினை நிறுத்தி, மெக்கானிக் வந்து மூடியைத் திறப்பதற்குள் சாட்சி தண்ணீராகிக் காய்ந்தும் போயிருக்கும். சோதனைக்கு ஓட்டிப் பார்த்தால் எஞ்சின் அருமையாக ஓடும். "கோளாறு ஏதும் இல்லை" என்று ஒரு வரி எழுதுவார்கள். அடுத்த வரியில் பழி விமானி தலையில்.

எனக்கு நடந்ததும் அதுதான். சிங்கப்பூரிலிருந்து கடற்பாலம் தாண்டி, மலேசியாவில் ஜோகூர் பக்கம் ஓர் இடத்தில் வாடகைக்கு விமானம் எடுத்து ஓட்டுகிறவன் நான். அன்று கிடைத்தது பழைய செஸ்னா 152, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். திரும்பி வரும்போது பெரிய விமானம் ஒன்று இறங்கவிருந்ததால், வெளியிலேயே வட்டமடிக்கச் சொன்னது கட்டுப்பாட்டுக் கோபுரம். சுற்றிலும் மழை மேகம். 2,000 அடியில் எஞ்சினை 2,100 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைத் தொடவே இல்லை, ஆர்பிஎம் ஊசி மட்டும் நைஸாக 1,850க்கு இறங்கிவிட்டது. கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் பிடி, கார்ப் ஹீட், அதை முழுக்க இழுத்தேன். உடனே 1,700. எஞ்சின் குலுங்கியது, பக்கத்தில் மச்சான் பேச்சை நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரத்தில் குலுக்கல் அடங்கி ஊசி ஏறியது. ஹீட்டை உள்ளே தள்ளியதும் பழையபடி 2,100. தரையிறங்கியதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியதெல்லாம் அலுவலகத்தில்தான். நடந்ததை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். முன்மேசையில் இருந்த பெண் படித்துவிட்டுச் சிரித்தார். "என்ன அண்ணே, இந்த வெயில்ல ஐஸா? ஐஸ் கச்சாங் சாப்பிட்டீங்களா?" நானும் சிரித்து வைத்தேன். கணினியில் அவர் பதிந்தது "பறக்கும்போது எஞ்சின் சக்தி குறைந்தது" என்று மட்டும். கார்ப் ஹீட், ஊசி இறங்கி ஏறியது எதுவும் இல்லை. சில நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது: எஞ்சின் நன்றாக இருக்கிறது, விமானி எரிபொருள் கலவையைச் சரியாகக் கையாளவில்லை, ஆகவே பரிசோதனைச் செலவு வாடகைக்காரருடையது. கட்டும்வரை விமானம் கிடையாது.

எனவே முதல் எச்சரிக்கை: நீங்கள் எழுதிக் கொடுத்த தாளை ஒப்படைக்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பதிந்த வாசகத்தையும் அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள்.

போனில் பராமரிப்புக்காரர் சொன்ன வாதம் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 152-இல் இருப்பது லைக்கமிங் எஞ்சின். கார்புரேட்டர் சூடான ஆயில் தொட்டியின் அடியில் பொருத்தப்பட்டிருக்கிறது, அதில் ஐஸ் பிடிக்காது, அதெல்லாம் செஸ்னா 150-இன் கான்டினென்டல் எஞ்சினில் வரும் தொல்லை என்றார். பாதி உண்மை. குறைவாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

மீதிப் பாதியை எனக்கு விளக்கியவர் ஈசூனில் இருக்கும் ஓர் அங்கிள். சிலேத்தார் விமான நிலையக் கொட்டகைகளில் எஞ்சின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காப்பிக்கடையில் கோப்பி ஓ வந்து சேருமுன்னே ஆரம்பித்துவிட்டார். "தம்பி, வெளியே எத்தனை டிகிரி என்பது முக்கியமில்லை. உள்ளே எரிபொருள் ஆவியாகும்போதே சூட்டை இழுத்துக்கொள்ளும். குறுகலான வழியில் காற்று வேகமெடுக்கிறபோது இன்னும் குளிரும். 20, 30 டிகிரி சாதாரணமாகக் குறையும். நம்ம ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? திராட்டில் தகடு பாதி மூடியிருந்தால் அதன் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சக்தியைக் குறைத்துச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். வேறென்ன வேண்டும்?" 38 டிகிரி வெயிலிலும்கூட ஐஸ் பிடிக்கலாம் என்று அமெரிக்க விமானத் துறையின் கையேடே சொல்கிறது. அதே துறை 2009-இல் வெளியிட்ட தாளில், வெப்பநிலையையும் பனிப்புள்ளியையும் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) வைத்து அபாயத்தைப் பார்க்கும் வரைபடம் இருக்கிறது.

அந்த வரைபடத்தையும் அன்றைய மெட்டார் எனும் விமான நிலைய வானிலை அறிக்கையையும் அச்செடுத்துக்கொண்டு, விடுப்புப் போட்டு, உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி நெரிசலில் நின்று போனேன். மெட்டாரில் 30/25, அதாவது வெப்பநிலை 30, பனிப்புள்ளி 25. அதே பெண் பார்த்தார். "இது காலை ஏழு மணி அறிக்கை அண்ணே. நீங்க பறந்தது சாயங்காலம் மூணு மணி." மெட்டார் நேரம் உலக நேரம், நமக்கு எட்டு மணி நேரம் கூட்ட வேண்டும் என்றேன். "மேனேஜர் வரட்டும்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். விமானம் வாடகைக்கு விடும் இடத்தில் இதைச் சொல்ல வேண்டியிருந்ததே என்று இன்னும் எரிச்சல்தான். மேனேஜர் வரவில்லை. நீங்கள் போவதாக இருந்தால் உள்ளூர் நேரத்தைப் பக்கத்திலேயே பேனாவால் எழுதிக்கொண்டு போங்கள், ஒரு நாள் மிச்சம்.

காப்பாற்றியது மச்சான்தான். மழை மேகத்தைப் படம் பிடிக்கிறேன் என்று அவன் எடுத்த காணொளியின் ஓரத்தில் ஆர்பிஎம் ஊசி தெரிந்தது! சத்தமும் பதிவாகியிருந்தது. வீட்டுக் குழுவில் போட்டு, எல்லாரும் "சூப்பர்" சொல்லி, மறந்தே போயிருந்தான். அங்கிள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, இதைவிட என்ன வேண்டும் என்றார். ஹீட்டைப் போட்டதும் ஊசி இன்னும் இறங்குவது சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால். குலுங்குவது உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போவதால். பிறகு ஊசி தானாக ஏறினால் அது ஐஸ்தான். கலவையில் கோளாறு என்றால், கலவைப் பிடியைத் தொடாமல் ஊசி எப்படிப் பழைய இடத்துக்கு வரும்?

இங்கே ஒன்று. அந்த முதல் இறக்கத்தைக் கண்டு பயந்து ஹீட்டை உள்ளே தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தள்ளாதீர்கள். பாதி இழுத்தும் வைக்காதீர்கள். முழுக்க இழுத்து, எஞ்சின் சீராகும்வரை பொறுங்கள். அந்தச் சூடு வருவது புகைக்குழாயிலிருந்து. எஞ்சின் நின்று ஆறிப்போன பிறகு இழுத்துப் பயனில்லை.

காணொளியை, எந்த விநாடியில் என்ன நடக்கிறது என்ற குறிப்போடு, மேனேஜருக்கே நேராக அனுப்பினேன். கூடவே ஒரு கேள்வி: இந்த எஞ்சினில் ஐஸ் பிடிக்காது என்றால், சக்தியைக் குறைக்கும் முன் கார்ப் ஹீட்டை முழுக்கப் போடு என்று 152-இன் கையேடு ஏன் சொல்கிறது?

பதில் இரண்டு வரி. பில் ரத்து. பதிவேட்டில் "கார்புரேட்டர் ஐஸ் எனக் கருதப்படுகிறது" என்று திருத்தியாகிவிட்டது. மன்னிப்பு என்று எதுவும் இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பில்லுக்காக முன்வைப்புத் தொகையிலிருந்து பிடித்த ரிங்கிட்டைக் காசாகத் தரமாட்டார்களாம், பறக்கும் நேரத்தில்தான் கழிப்பார்களாம். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.