ரெட்மண்டில் வடக்கு எங்கே?

நாங்கள் இருக்கும் ரெட்மண்ட் சியாட்டிலுக்குப் பக்கத்து ஊர். சியாட்டில் பக்கம் குடிவருகிறவர்களிடம் எல்லோரும் மழையைப் பற்றித்தான் சொல்லி அனுப்புவார்கள், ஆனால் மழையைவிட இங்கே மூட்டம்தான் ஆளைச் சாய்க்கும். நவம்பரில் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது, டிசம்பரில் நாலரை மணிக்குள் இருட்டத் தொடங்கிவிடும். வேலைக்குப் போக அனுமதியில்லாத விசாவில் வந்த எனக்கு, கணவரும் மகளும் கிளம்பிப் போனபிறகு வாசலைத் தாண்ட ஒரு காரணமும் இல்லாமல் இருந்தது. அந்தக் காரணத்தைக் கொடுத்தது ஜியோகேச்சிங் என்கிற தேடல் விளையாட்டு. மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற அமெரிக்கப் பெண்மணி ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார், திசைகாட்டியும் அவர் தந்ததே.

யாரோ ஒரு பெட்டியை ஒளித்துவைத்து அதன் அட்சரேகை தீர்க்கரேகையை வெளியிடுவார். நாம் தேடிப்போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதி, அதே இடத்தில் வைத்துவிட்டு வரவேண்டும். இந்த விளையாட்டு பிறந்ததும் இந்தப் பக்கம்தான். 2000 மே தொடக்கத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. ஓரிரு நாளிலேயே டேவ் உல்மர் என்பவர் பக்கத்து மாநிலமான ஒரேகனில் ஒரு வாளியை மறைத்துவைத்து, இடத்தை இணையத்தில் போட்டார்.

எனக்குப் பிடித்தது மல்டி கேச், அதாவது ஒரு இடம் அடுத்த இடத்தைக் காட்டும் வகை. எங்கள் வீட்டுப் பக்கத்துக் காட்டில் ஒன்று இருக்கிறது, விடையை வெளியே சொல்லக்கூடாது என்பதால் எண்களை மாற்றி எழுதுகிறேன். முதலில் நுழைவாயில் பலகையில் இருக்கும் வருடத்தின் இலக்கங்களை ஒரு சூத்திரத்தில் போட்டால் ஒரு பெஞ்ச் கிடைக்கும். பெஞ்சுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில், வடக்கே 0.045 நிமிடம் கூட்டு, மேற்கே 0.062 கூட்டு என்றிருக்கும் (இங்கே நிமிடம் என்பது நேரமல்ல, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). இதில் என் மகளுக்கு ஒரே ஆச்சரியம், "அம்மா, மேற்கே போனா நம்ம ஊர்ல குறையணுமே!" என்றாள். சரிதான், சென்னை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, இங்கே மேற்கு, அதனால் மேற்கே நடக்க நடக்க எண் கூடும். தூரமும் ஒன்றல்ல. வடக்கே 0.001 நிமிடம் என்றால் எங்கே இருந்தாலும் சுமார் 1.85 மீட்டர், ஆனால் கிழக்கு மேற்காக அதே 0.001 சென்னையில் 1.8 மீட்டர், சியாட்டிலில் 1.25தான், துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுகின்றன.

சீட்டு காட்டிய இடத்தில் ஒரு சிடார் மரத்தில் சின்னக் குப்பி தொங்கியது, உள்ளே 'உண்மை வடக்கிலிருந்து 140 டிகிரி, 200 மீட்டர்'. உண்மை வடக்கு என்பது வடதுருவம் இருக்கும் திசை, திசைகாட்டி முள் காட்டுவது காந்த வடக்கு. சென்னையில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான், இங்கே சுமார் 15 டிகிரி கிழக்கே விலகியிருக்கிறது, ஆகவே முள்ளில் 125 வைத்து நடக்கவேண்டும். 200 மீட்டருக்கு அந்தப் பதினைந்தை விட்டால் ஐம்பது மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்போம், இடுப்புயரப் பெரணிப் புதருக்குள். ஆப்பிலேயே இதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் டக்ளஸ் ஃபர் மரங்களுக்கு அடியில் போனின் புள்ளி ஒரு இடத்தில் நிற்காது, கையிலுள்ள முள்தான் நம்பிக்கை. எதிரே தெரியும் ஒரு மரத்தைக் குறிவைத்து அதுவரை நடந்து, அங்கிருந்து அடுத்த மரம், இப்படித்தான் போகவேண்டும்.

விழுந்துகிடந்த கட்டைக்கு அடியில், மரப்பட்டை மூடிய பழைய ராணுவத் தோட்டாப் பெட்டியை மகள்தான் பார்த்தாள். உள்ளே நோட்டு, பென்சில், கோலிக்குண்டு, பொம்மைக் கார். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்கவேண்டும், அவள் கோலியை எடுத்துக்கொண்டு ஒரு சோழியை வைத்தாள்.

இந்தப் பக்கம் புதிதாக வந்து வீட்டுக்குள்ளேயே முடங்கியிருக்கிறவர்கள், முக்கியமாக என்னைப் போன்ற விசாவில் வந்த பெண்கள், தயவுசெய்து ஒன்றைத் தேடிப் பாருங்கள். திசைகாட்டி வாங்கினால் விலகலைத் திருத்தும் வசதி உள்ளதாக வாங்குங்கள். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், காட்டுக்குள் சிக்னல் போய்விடும். மாநிலப் பூங்காவில் காரை நிறுத்த டிஸ்கவர் பாஸ் வேண்டும். அப்புறம் ஒரு பேனா, பெட்டியில் இருக்கும் பென்சில் பெரும்பாலும் நனைந்துதான் கிடக்கும்.