அதே ஏழுதான், தம்பி

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் பலர் அதை வருடக்கணக்கில் சுமக்கிறவர்கள். அவர்கள் கேட்பது இடுப்பில் மாட்டும் பெல்ட். நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், உடற்பயிற்சி கொடுங்கள் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பெல்ட்டை மாட்டினால் வேலை முடிந்தது. பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டுமே!

அதற்காகத்தான் கிளினிக்கில் செயலி ஒன்றைக் கொண்டுவந்தோம். பயிற்சி வீடியோ, நினைவூட்டல், வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். போனில் ஏற்றிக் கொடுப்பது சுலபம். இரண்டாவது வாரம் பார்த்தால் பலருடைய பக்கம் காலியாகக் கிடக்கும்.

முழங்கால் தேய்மானத்துக்கு வந்த ஓர் அம்மா காரணத்தைப் பட்டென்று சொன்னார்: "எழுந்ததும் எவ்வளவு வலிக்கிறது என்று கேட்கிறது. நேற்றும் ஏழு, இன்றும் அதே ஏழுதான், தம்பி. மறந்திருந்த வலியையும் ஞாபகப்படுத்திவிடுகிறது."

நியாயமான பேச்சு. வலியையே கவனித்துக்கொண்டிருந்தால் அது கூடுதலாகத்தான் தெரியும்.

அவருக்கு வலிக் கேள்வியை வாரம் ஒருமுறையாக்கினேன். தினசரிக் கேள்வியை அவரையே சொல்லச் சொன்னேன். 'மாடியில் துணி காயப்போட்டேனா?' என்று வைத்துக்கொண்டார். நினைவூட்டல் காலை ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் போனை யார் பார்ப்பார்கள்? அதை மதியம் மூன்று மணிக்கு மாற்றினோம். அவருக்கான பயிற்சி இதுதான்: முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, கீழே அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்த வேண்டும், பத்து முறை. கட்டிலில் கால் நீட்டியபடியே செய்துவிடலாம்.

வலி கூடுகிற நாளில்தான் செயலியை மூடுகிறார்கள். உடம்பு சொன்னபடி கேட்கும் நாளில் வீடு முழுவதும் துடைத்துவிட்டு மறுநாள் எழ முடியாமல் படுத்துக்கொள்வது பலரின் வழக்கம். வலி கூடும் நாட்களுக்கென்று இரண்டே பயிற்சி கொண்ட சிறு பட்டியல் வைத்தோம். அதுவும் முடியாவிட்டால் 'இன்று இயலவில்லை' என்று குறித்தால் போதும். விடுபட்ட நாட்களைச் சிவப்பில் எண்ணிக் காட்டும் எரிச்சலான அறிவிப்பையும் நிறுத்திவைத்தோம்.

இவை எல்லாவற்றையும்விட, பதிவை ஒருவர் படிக்கிறார் என்பது தெரிந்த பிறகுதான் ஆட்கள் நிலைத்தார்கள். இப்போது அவர்கள் உட்கார்ந்ததும் முதலில் பதிவைத்தான் திறக்கிறேன். "புதன்கிழமை மாடி ஏறியிருக்கிறீர்கள், வியாழன் ஏறவில்லையே, என்ன ஆயிற்று அம்மா?" உறவினர் வீட்டுக் கல்யாணம், வெகுநேரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தது, எல்லாம் வெளியே வரும். வலி ஏறியதன் காரணம் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

அந்த அம்மாவின் கையில் இருக்கும் போன் பேரனுடையது என்பது தனிச் சிக்கல். அவன் கல்லூரிக்குப் போகும் நாளில் செயலியும் போய்விடும். அன்று அவர் காலண்டர் தாளில் பேனாவால் குறித்து வைக்கிறார். இரவில் அவன் ஏற்றுகிறான். அவன் மறந்த வாரம் தாள்களையே கிழித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். நானே ஏற்றினேன்.