பழைய கோவாவில் புனித சவேரியாரின் கல்லறை முன்

தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரையில் எங்கள் முன்னோருக்குத் திருமுழுக்கு அளித்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவுடல் பழைய கோவாவில் இருக்கிறது என்று சிறுவயது முதலே கேட்டு வளர்ந்த நான், டிசம்பர் 3-ஆம் நாள் திருவிழாவின் நெரிசல் ஓய்ந்த பின், பனாஜியிலிருந்து பேருந்தில் பொம் ஜேசு பேராலயத்துக்குச் சென்றேன்.

1594-இல் கட்டத் தொடங்கி 1605-இல் அர்ச்சிக்கப்பட்ட இப்பேராலயத்தின் வெளிச்சுவரில் பூச்சு இல்லை. 1950-களில் அதை அகற்றிவிட்டார்கள். கோவாவின் மழை நேராகச் செம்புரைக்கல்லின் மீதே விழுகிறது என்பது மனத்தை வருத்துகிறது. உள்ளே, அலங்காரம் மிகுந்த ஐரோப்பியப் பாணியான பரோக் கலையின் செழிப்பு நம்மை எதிர்கொள்கிறது. பொன் பூசிய பெரிய பீடத்தில் சிறிய குழந்தை இயேசுவும், அவருக்கு மேலே வானோக்கிய முகத்துடன், சவேரியார் சேர்ந்திருந்த இயேசு சபையை நிறுவிய புனித இன்னாசியாரின் பேருருவும், அதற்கும் மேலே மூவொரு இறைவனும் உள்ளனர்.

சவேரியாரின் கல்லறை பீடத்துக்கு வலப்புறம் இருக்கிறது. இத்தாலியின் தஸ்கனிப் பகுதியை ஆண்ட பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ காணிக்கையாக அளிக்க, புளோரன்ஸ் சிற்பி போஜினி உருவாக்கிய இந்தப் பளிங்கு மேடை 1698-இல் இங்கே நிறுவப்பட்டது. அதன் உச்சியில், கோவாப் பொற்கொல்லர்கள் 1630-களில் செய்த வெள்ளிப் பேழைக்குள் திருவுடல் இருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பொதுத் தரிசனத்தின்போது மட்டுமே அது கீழே இறக்கப்பட்டு, எதிரே உள்ள சே பேராலயத்துக்குப் பவனியாகக் கொண்டு செல்லப்படுகிறது. 2024 நவம்பரில் தொடங்கி 2025 ஜனவரி வரை அவ்வாறு நடந்தது. மற்ற நாள்களில் அண்ணாந்து பார்த்துத்தான் மன்றாட வேண்டும்; அதுவும் எனக்கு நிறைவாகவே இருந்தது.

மேடையின் வெண்கலப் பலகைகளுள் ஒன்றில் சவேரியார் திருமுழுக்கு அளிக்கிறார். அதைக் கண்டதும், எங்கள் கடற்கரையில் பணியாற்றிய காலத்தைப் பற்றி 1544 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. திருமுழுக்கு அளித்து அளித்துக் கைகள் ஓய்ந்துபோகின்றன, விசுவாசப் பிரமாணம் என்னும் கிறிஸ்தவ நம்பிக்கை அறிக்கையை மக்களின் மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் கம்மிவிடுகிறது என்று ரோமையிலிருந்த தம் சபைத் தோழர்களுக்கு அதில் எழுதியிருந்தார். மணியடித்துத் தெருத்தெருவாகச் சென்று குழந்தைகளைக் கூட்டி மந்திரங்கள் கற்பித்தவர் அவர். எளிமையாக வாழ்ந்தவருக்கு இத்தனை பளிங்கும் வெள்ளியும் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. அன்பு செய்தவர்கள் தம்மிடம் இருந்ததில் சிறந்ததைக் கொடுத்தார்கள் என்றே நான் கொள்கிறேன்.

அப்படி ஓய்ந்துபோன வலக்கை இந்தப் பேழையில் இல்லை. முழங்கைக்குக் கீழுள்ள பகுதி 1614-இல் எடுக்கப்பட்டு, ரோமையில் இயேசு சபையின் ஜெசு ஆலயத்துக்கு அனுப்பப்பட்டது; இன்றும் அங்கே வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. கல்லறை முன் முழந்தாளிட்டு, அவர் கற்பித்த விசுவாசப் பிரமாணத்தைத் தமிழிலேயே சொல்லி, கடலுக்குப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக வேண்டினேன். இறைவன் வழிவிட்டால் ரோமைக்கும் சென்று அந்தக் கையை வணங்கி வருவதாக அங்கேயே நேர்ந்துகொண்டேன்.