மந்தமான விண்டோஸ் விஎம்: ராமைக் கூட்டாமல் சரிசெய்தது எப்படி

எனக்கு அன்றாட வேலையெல்லாம் லினக்ஸில்தான். ஆனால் கணக்கு மென்பொருளும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் விண்டோஸைத்தான் கேட்கின்றன. அதற்காக டெபியன் லினக்ஸ் ஓடும் லேப்டாப்பில், லினக்ஸிலேயே இருக்கும் கேவிஎம் வசதி வழியாக விண்டோஸ் 10 ப்ரோ விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஒன்றை வைத்திருக்கிறேன். விஎம்களை உருவாக்கி நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரின் பழைய பதிப்பில் உருவாக்கி, அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தது. நாளாக ஆக ஸ்டார்ட் மெனு திறக்கவே திணறியது. ஒரு லெட்ஜரைத் திறந்தால் திரை வெளுத்துப்போய் நிற்கும்.

யாரிடம் கேட்டாலும் ராமைக் (நினைவகத்தைக்) கூட்டு என்றார்கள். லேப்டாப்பில் இருப்பதே 16 ஜிபி, அதில் 8 ஜிபி ஏற்கெனவே விஎம்முக்குப் போய்விட்டது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் விண்டோஸ் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. இதற்கு மேலும் கொடுத்தால் லினக்ஸ் பக்கம் ராம் போதாமல் டிஸ்க்கை நினைவகமாகப் பயன்படுத்தும் ஸ்வாப் ஆரம்பித்து இரண்டுமே படுத்துவிடும். அதனால் ராமை விட்டுவிட்டு, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

விண்டோஸுக்குள் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. ஆனால் நகர்ந்த டேட்டாவோ நொடிக்கு ஓரிரு எம்பிதான். அதே நேரத்தில் லினக்ஸ் பக்கம் டிஸ்க் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையை ஓட்டினால் எஸ்எஸ்டி ஏறக்குறைய சும்மா இருந்தது. உள்ளே நெரிசல், வெளியே காலி என்றால் இடையில்தான் அடைப்பு. விஎம் அமைப்பைத் திறந்தேன். டிஸ்க் பஸ் (டிஸ்க்கை இணைக்கும் முறை) என்ற இடத்தில் ஐடிஇ என்ற பழைய முறை இருந்தது. அதாவது இன்றைய எஸ்எஸ்டியின் மேல் தொண்ணூறுகளின் ஹார்ட் டிஸ்க் வேஷம். ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கைதான் போகும், அதற்கும் ஒவ்வொரு படியிலும், விஎம்மின் வன்பொருளாக நடிக்கும் மென்பொருளான க்யூஇஎம்யூ குறுக்கிட வேண்டும். விஎம்களுக்கென்றே உருவான விர்ட்ஐஓ முறையில் இந்த வேஷம் கிடையாது. தான் விஎம்முக்குள் இருப்பது டிரைவருக்கே தெரியும், கோரிக்கைகளை மொத்தமாக ஒரு பொது நினைவிடத்தில் வைத்துவிடும்.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. டிரைவர் இல்லாமல் பஸ்ஸை மட்டும் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். டிஸ்க் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு 1 ஜிபியில் வெற்று டிஸ்க் ஒன்றை விர்ட்ஐஓவாகச் சேர்த்து, விர்ட்ஐஓ டிரைவர்கள் உள்ள ஐஎஸ்ஓவையும் (சிடி போன்ற கோப்பு) இணைத்து பூட் செய்தேன். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு எஸ்சிஎஸ்ஐ கன்ட்ரோலர் வந்தது. அதற்கு அந்த ஐஎஸ்ஓவின் வயோஸ்டோர் ஃபோல்டரிலிருந்து டிரைவரைக் காட்டினேன். புது டிஸ்க் தென்பட்டதும் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தேன். அப்படிச் செய்தால்தான் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறுக்கே வராமல் முழுதாக அணையும். அதன் பிறகே பிரதான டிஸ்க்கை விர்ட்ஐஓவாக்கி, பூட் வரிசையையும் சரிபார்த்தேன். லெட்ஜர் சட்டென்று திறந்தது. அந்த வெள்ளைத் திரை அதோடு போனது.

அடுத்தது சிபியு. நான் கொடுத்திருந்தது நான்கு, டாஸ்க் மேனேஜர் காட்டியது இரண்டு. காரணம், அந்தப் பழைய அமைப்பு ஒவ்வொரு விசிபியுவையும் (விஎம்முக்குக் கொடுத்த மெய்நிகர் சிபியு) தனித்தனி சாக்கெட்டாக, அதாவது தனித்தனி சிப்பாகக் காட்டியிருந்தது. விண்டோஸ் 10 ப்ரோ இரண்டு சாக்கெட்டுக்கு மேல் பயன்படுத்தாது, ஹோம் என்றால் ஒன்றே ஒன்றுதான். டோபாலஜி (சிபியு அடுக்கு) அமைப்பில் ஒரு சாக்கெட், நான்கு கோர் என்று மாற்றியதும் நான்கும் வேலைக்கு வந்தன. கூடவே சிபியு மாடலை, லேப்டாப்பின் சிபியுவை அப்படியே விஎம்முக்குக் காட்டும் ஹோஸ்ட்-பாஸ்த்ரூ ஆக்கினேன். இந்த சாக்கெட் விஷயம் பலருக்குத் தெரிவதே இல்லை. கோரைக் கூட்டியும் வேகம் வரவில்லை என்பவர்கள் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் சும்மா இருந்தபோதும் லேப்டாப் ஃபேன் சத்தம் ஓயவில்லை. அதற்குக் காரணம் கடிகாரம். நேரம் பார்ப்பதற்காகவே விண்டோஸ் அடிக்கடி க்யூஇஎம்யூவைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. விஎம்மின் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில், விஎம்முக்குள் விண்டோஸ் எளிதாக நேரம் பார்க்க உதவும் ஹைப்பர்வி-கிளாக்கைச் சேர்த்து, ஹெச்பெட் என்ற வன்பொருள் டைமரை அணைத்ததும், லினக்ஸில் ஓடும் வேலைகளைக் காட்டும் டாப் பட்டியலில் க்யூஇஎம்யூ ப்ராசஸ் கீழே இறங்கிவிட்டது. புதிதாக விஎம் உருவாக்கும்போது இயங்குதளம் விண்டோஸ் 10 என்று சரியாகத் தேர்ந்தெடுத்தால் இந்த ஹைப்பர்வி அமைப்புகளை விர்ட்-மேனேஜரே போட்டுவிடும். ஜெனெரிக் (பொதுவானது) என்று விட்டால் போடாது.

திரை மட்டும் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. இந்த விஎம்மில் 3டி முடுக்கம் (கிராபிக்ஸ் சிப்பின் உதவி) கிடைக்காததால் வீடியோ ஓடினால் தெறிக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே போனால் ஸ்க்ரோல் வழுக்கிக்கொண்டு போகிறது, கணக்கு வேலைக்கு இப்போது அப்படித்தான் போகிறேன்.