ஊதா மூடிக் குழாயிலிருந்து பி-டௌ 217 வரை

மறதி எதுவும் இல்லாதவர்களின் ரத்தத்தில் அல்சைமர் நோயால் மூளையில் வரும் தொடக்க மாற்றத்தைத் தேடும்போது, வேலை பெரும்பாலும் கருவிக்குப் போகும் முன்பே கெடுகிறது. மூளையில் அமிலாய்ட் புரதம் படிந்தவர்களுக்கு, அதன் 42, 40 என்ற இரு வடிவங்களின் விகிதம் (42/40) தண்டுவட நீரில் ஏறக்குறைய பாதியாகிறது. ரத்தத்திலோ 10, 15 சதவீதம்தான் இறங்குகிறது. குழாய் சில மணி நேரம் அறை வெப்பத்தில் கிடந்தாலே 42, 40 இரண்டும் சரியத் தொடங்கும். விகிதம் ஓரளவு தாங்கும்தான். ஆனால் இவ்வளவு மெல்லிய வித்தியாசத்துக்கு அந்த ‘ஓரளவு’ போதாது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. கலந்த ஊதா மூடிக் குழாயில் குறி வரை ரத்தம் எடுத்து, 5 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துகிறோம். குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். ஹெப்பாரின், சிட்ரேட் குழாய்களை நடுவில் கலக்கவே கூடாது, அளவுகளே வேறாக வரும். அரை மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்ற வழியில்லையென்றால் 2–8 டிகிரியில் வைக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜ் 1800 ஜி (புவியீர்ப்பைப் போல 1800 மடங்கு விசை), 10 நிமிடம். ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எண்ணை அடுத்த ஆய்வகத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ரோட்டரின் ஆரம் மாறினால் விசையும் மாறும். வெள்ளணுப் படலத்தைத் தொடாமல் பிளாஸ்மாவை உறிஞ்சி, பாலிப்ரோப்பிலீன் குப்பிகளில் அரை மில்லி வீதம் பிரித்து மைனஸ் 80-இல் வைக்கிறோம். கண்ணாடியிலும் பாலிஸ்டைரீனிலும் அமிலாய்ட் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

சோதனை நாளன்று உருகியதும் நன்றாகக் கலக்கி, 10,000 ஜி-யில் 5 நிமிடம் மறுபடி சுற்றுவது அவசியம். இதை விட்டால் ஃபைப்ரின் என்ற உறைவுப் புரத இழைகள் பைப்பெட் முனையை அடைக்கும். இரட்டை அளவீட்டில் ஒன்று மட்டும் தாறுமாறாக வரும். ஒரே நபரின் பழைய, புதிய மாதிரிகளை ஒரே கிட்டில், ஒரே ஓட்டத்தில் அளக்க வேண்டும். கிட்டின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறியதால் வந்த ஏற்றம் நோயின் ஏற்றம் போலவே தெரியும்.

ரத்தத்தில் அளக்கும் குறியீடுகளில் நாங்கள் அதிகம் நம்புவது பி-டௌ 217, அதாவது பாஸ்பேட் ஏறிய டௌ புரதம். இன்னொரு குறியீடான என்.எஃப்.எல். என்ற நரம்பிழைப் புரதம் எந்த நரம்பு சேதத்துக்கும் ஏறும், வயதோடும் ஏறும். உடல் பருத்தவர்களுக்குக் குறைவாகக் காட்டும். சிறுநீரகம் தளர்ந்தால் இரண்டுமே உயரும். ஆகவே ஒற்றை எண்ணை வைத்து, நலமாக இருப்பவரிடம் நோய் என்று சொல்வது தவறு. 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த லுமிபல்ஸ் ரத்தச் சோதனையும் 55 வயதைத் தொட்ட, அறிகுறி உள்ளவர்களுக்குத்தான்.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்க மறந்துவிட்டால் அதே நாள் பிளாஸ்மாவிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதற்கென்றே ஒரு குப்பியைத் தனியாக எடுத்து வைக்கிறோம்.