பச்சை நீர் தெளிந்த கதை: டோங்காட் நீச்சல்குள நாட்குறிப்பு

2024 செப்டம்பர் 1, ஞாயிறு

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் நாங்கள் வாங்கிய வீட்டின் சாவி நேற்று கைக்கு வந்தது. பின்கட்டில் ஒரு நீச்சல்குளம் இருக்கிறது. நானோ என் கணவரோ இதற்கு முன் குளம் வைத்துப் பழகியவர்கள் அல்லர். நெடுநாள் ஆளில்லாமல் கிடந்த வீடு என்பதால் நீர் கரும்பச்சையாகி, முதல் படிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. போதாக்குறைக்கு, ஜூன் 3 அன்று இந்த ஊரைத் தாக்கிய சுழல்காற்றில் பறந்து வந்த கூரை ஓட்டுத் துண்டுகளும் முறிந்த மாங்கிளைகளும் உள்ளே விழுந்து கிடக்கின்றன. ஓரங்களில் கொசுப்புழுக்கள் நெளிகின்றன. இரவு முழுவதும் தவளைச் சத்தம்.

இன்று செய்தது ஒன்றே ஒன்று: அளந்தோம். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் ஒரு முனையில் 1 மீட்டர், மறுமுனையில் 2 மீட்டர். சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்று கொண்டால் 48,000 லிட்டர் நீர். இனி இதில் இடப்போகும் ஒவ்வொரு பொருளின் அளவும் இந்த எண்ணைப் பொறுத்ததே என்பதால், அதை பம்ப் அறைக் கதவின் உட்புறத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 7, சனி

பக்கத்து வீட்டு அண்ணன் மதில் ஓரம் நின்று பார்த்துவிட்டு, “மொத்தத் தண்ணியையும் இறைச்சிட்டு, ஆசிட் ஊத்தித் தேய்ச்சிடு தங்கச்சி, ஒரே நாள் வேலை” என்றார். அவர் பல ஆண்டுகளாகக் குளம் வைத்திருப்பவர், அக்கறையோடுதான் சொன்னார். ஆனாலும் இறைப்பதில்லை என்று நாங்கள் முடிவெடுத்துவிட்டோம்.

முதற்காரணம், நிலத்தடி நீர். குளத்தின் கட்டுமானம் மண்ணுக்குள் அசையாமல் நிற்பதற்கு உள்ளே இருக்கும் நீரின் எடையும் ஒரு காரணம். நீரை முழுவதும் எடுத்துவிட்டால், சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும் காலத்தில் கீழிருந்து வரும் அழுத்தம் குளத்தையே மேலே தூக்கிவிடக்கூடும். அப்படித் தூக்கிய குளம் பெரும்பாலும் விரிசல் விட்டுவிடும். அடுத்தது, இங்குள்ள பழைய குளங்களுக்கு உட்பூச்சாக இருக்கும் மார்பிலைட். அது நீருக்குள் இருந்தே பழகிய பூச்சு. வெயிலில் காய்ந்தால் வெடித்துப் பெயர்ந்து வரும். இவை இரண்டும் இல்லாவிட்டாலும் 48,000 லிட்டரை வீணாக்க எனக்கு மனம் வந்திருக்காது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இவ்வூரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, மாதக்கணக்கில் குழாயில் நீர் வராமல், லாரி வரும் நேரத்துக்கு வாளிகளோடு காத்து நின்ற ஊர் இது.

செப்டம்பர் 14, சனி

குப்பை அகற்றும் வேலை. ஓட்டுத் துண்டுகளையும் கிளைகளையும் நீண்ட கம்பு வலையால் இழுத்தெடுத்தோம். இலைக்கழிவு அழுகி, அடியில் கறுப்புச் சேறாகப் படிந்திருக்கிறது. அதை வலை முழுவதும் அள்ளாது. அவசரப்பட்டு இழுத்தால் சேறு கலங்கி மேலே வரும் என்பதால் மெதுவாக, ஒரே திசையில் இழுத்தோம்.

குளோரின் பட்டால் தவளைக் குஞ்சுகள் பிழைக்காது. ஆகவே இயன்றவரை அவற்றைக் குளத்து நீரோடே வாளியில் முகந்து, கீழே இருக்கும் ஓடையின் தேங்கிய பகுதியில் கொண்டுபோய் விட்டோம். இந்த வேலைக்கு அரை நாள் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

செப்டம்பர் 21, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. பெருமாளுக்குப் படைத்து, இலை எடுத்த பிறகு பம்ப் அறைக்குப் போனோம்.

முதலில் மின்சாரம். நீருக்கு அருகில் ஓடும் பம்ப்புக்கு எர்த் லீக்கேஜ் காப்பு கட்டாயம் வேண்டும். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டியதும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வந்து சோதித்துச் சரி என்று சொன்ன பிறகே சுவிட்சைத் தொட்டோம். பம்ப் சற்று முனகிவிட்டுச் சுழன்றது.

இன்றைய பெரிய வேலை ஃபில்டர்தான். குளத்தைத் தெளியவைப்பது மருந்து என்று பலரும் எண்ணுகிறார்கள். மருந்து பாசியைக் கொல்லும். கொன்றதை வெளியே எடுப்பது மணல். மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டபோது, மேல் மணல் பிசுபிசுப்பாகவும், அதற்குக் கீழே வெல்லக் கட்டி போல இறுகியும் இருந்தது. கட்டிகளுக்கு இடையே நீர் தனக்கென்று வழிகளை அரித்துக்கொண்டு, மணலைத் தொடாமலே கீழே போயிருக்கிறது. இந்த நிலையில் எத்தனை கிலோ குளோரின் கொட்டினாலும் நீர் தெளியாது. பழைய மணலைக் குவளை குவளையாக அள்ளினோம். அடியில் விரல்கள் விரிந்ததுபோல் பரவியிருக்கும் சல்லடைக் குழாய்கள் வெளிப்பட்டதும், ஒவ்வொன்றையும் விரலால் தடவி விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பிறகு தொட்டியைப் பாதியளவு நீரால் நிரப்பி, அதன்மேல் புதிய ஃபில்டர் மணலை மெல்லச் சரித்தோம். மணல் நேராக விழுந்தால் அந்தக் குழாய்கள் உடையும். நீர் அந்த வேகத்தைத் தாங்கிக்கொள்ளும்.

ஃபில்டரின் வால்வை பேக்வாஷில் வைத்து நீரைத் தலைகீழாக ஓடவிட்டு, கண்ணாடிக் குமிழில் நீர் தெளிந்ததும் ரின்ஸுக்கு (அலசும் நிலைக்கு) மாற்றி, அதன்பின் வழக்கமாக வடிகட்டும் ஃபில்டர் நிலைக்குக் கொண்டுவந்தோம். வால்வைத் திருப்பும்போதெல்லாம் பம்ப்பை நிறுத்திவிட வேண்டும். மணல் சுத்தமாக இருக்கும்போது அழுத்தமானி 80 கிலோபாஸ்கல் காட்டுகிறது. அது 130ஐ நெருங்கினால் மீண்டும் பேக்வாஷ் செய்ய வேண்டும்.

அடியில் எஞ்சியிருந்த சேற்றை ஃபில்டருக்குள் விடாமல், வால்வை வேஸ்ட்டில் வைத்து உறிஞ்சி வெளியேற்றினோம். நீர்மட்டம் ஒரு சாண் இறங்கியது. குழாய் நீர் விட்டு நிரப்பினோம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மரபுரிமை நாள் விடுமுறை. சோதனைப் பெட்டியோடு உட்கார்ந்தேன். முழங்கை ஆழத்திலிருந்து நீர் எடுக்க வேண்டும்; மேல்மட்ட நீர் சரியான கணக்கைத் தராது. குளோரின் இல்லவே இல்லை. மொத்தக் காரத்தன்மை 60 பிபிஎம் (பத்து லட்சத்தில் 60 பங்கு), நீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். 7.0, வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் ஸ்டெபிலைசர் சுழியம். நெடுநாள் மழைநீர் விழுந்து வழிந்த குளத்தில் இவையெல்லாம் கரைந்து போவது இயல்பே.

இங்கே வரிசை மிகவும் முக்கியம். காரத்தன்மை குறைவாக இருந்தால் பி.எச். நிலையாக நிற்காது, பி.எச். நிற்காவிட்டால் குளோரினின் வலிமையை நம்ப முடியாது. பி.எச். 7.5 இருக்கும்போது குளோரினில் ஏறக்குறைய பாதி, கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும்; 8க்கு ஏறினால் அது கால்வாசியாகச் சுருங்கிவிடும். மேலும், நீரில் குளோரின் மிகுந்திருக்கும்போது பி.எச். சோதனையின் நிறமே பிறழும். ஆகவே குளோரின் இடுவதற்கு முன்னரே இவ்விரண்டையும் ஒழுங்குபடுத்திவிட வேண்டும்.

இந்தக் குளத்தில் காரத்தன்மையைப் பத்து பிபிஎம் உயர்த்த ஏறத்தாழ 800 கிராம் சோடா உப்பு வேண்டும்; ஆப்பத்துக்குப் போடும் அதே சோடாதான். 60லிருந்து 90க்குக் கொண்டுவர 2.4 கிலோவை இரண்டு பகுதியாகப் பிரித்து, பம்ப் ஓடும்போது தூவினோம். ஸ்டெபிலைசர் 30 பிபிஎம் அளவுக்கு 1.4 கிலோ தேவைப்பட்டது. அது எளிதில் கரையாது. பழைய காலுறை ஒன்றில் கட்டி, நீர் திரும்பி வரும் வாய்க்கு எதிரே தொங்கவிட்டு, அவ்வப்போது பிசைந்துவிட்டேன்.

செப்டம்பர் 28, சனி

நேற்று மாலை பி.எச். 7.4. இன்று அந்திசாய்ந்த பிறகு குளோரின் இட்டோம். பகலில் இட்டால் வெயில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நாங்கள் வாங்கியிருப்பது 68 விழுக்காடு குளோரின் தரும் குருணை. 48,000 லிட்டரில் ஒரு பிபிஎம் உயர்த்த 70 கிராம். ஸ்டெபிலைசர் 30 இருக்கும் குளத்தில் பாசியைக் கொல்ல 12 பிபிஎம் வேண்டும் என்பதால், ஏறத்தாழ 850 கிராம்.

பிளாஸ்டிக் வாளியில் முதலில் நீர், அதன்பின் குருணை. இந்த வரிசை மாறக்கூடாது. ஆசிட்டையும் அப்படித்தான் நீரில் சேர்க்க வேண்டும். ஆசிட்டில் நீரை ஊற்றக்கூடாது. ஆசிட்டும் குளோரினும் ஒரு சொட்டு கலந்தாலும் நச்சுவாயு கிளம்பும். குருணையையும் வில்லைக் குளோரினையும் ஒன்றாகப் போட்டால் தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி அலமாரி, தனி அளவுக் குவளை வைத்திருக்கிறோம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

விடியும்போது பச்சை போய்விட்டது. நீர் சாம்பல் நீலமாக, கஞ்சித் தண்ணீர் மாதிரிக் கலங்கி நின்றது. அது செத்த பாசி. குளோரின் 3க்கு இறங்கியிருந்ததால் மீண்டும் 12க்கு ஏற்றினோம். குளோரின் மிக அதிகமாக இருந்தால் சோதனையின் இளஞ்சிவப்பு நிறம் வெளுத்து, குளோரினே இல்லாததுபோல் காட்டும். எனவே மாதிரி நீரோடு சம அளவு காய்ச்சி வடித்த நீர் கலந்து அளந்து, வந்த எண்ணை இருமடங்காக்கிக் கொள்கிறேன்.

பம்ப் இரவுபகலாக ஓடுகிறது. மணிக்கு 12,000 லிட்டர் தள்ளும் பம்ப், கணக்குப்படி நான்கு மணி நேரத்தில் முழுக் குளத்தையும் சுற்றிவிட வேண்டும். ஆனால் தெளிந்த நீர் கலங்கிய நீரோடே கலப்பதால், ஒரு சுற்றில் ஏறக்குறைய 63 விழுக்காடு நீர்தான் உண்மையில் மணலைக் கடந்திருக்கும். பொறுமை வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு இல்லை. சுவர்களையும் படி மூலைகளையும் தூரிகையால் தேய்த்துக்கொண்டே இருக்கிறோம். பாசி தன்மேல் ஒரு வழவழப்பான போர்வையைப் போர்த்திக்கொள்ளும், அது கிழிந்தால்தான் குளோரின் உள்ளே எட்டும்.

பேக்வாஷ் நீரைத் தெருவோர மழைநீர்க் கால்வாயில் விடவில்லை. அந்தக் கால்வாய் சுத்திகரிப்பு எதுவுமின்றி ஆற்றுக்கும் கடலுக்கும் போவது. நீண்ட குழாய் போட்டு, கறிவேப்பிலை மரத்துக்கு எட்டாத புல்தரையில் பரவவிட்டோம்.

அக்டோபர் 3, வியாழன்

அடித்தளம் தெரிகிறது! ஆழமான முனையில் இருக்கும் வடிகால் மூடியின் துளைகளைக்கூட எண்ண முடிகிறது.

கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் போதாது. நேற்று இருட்டியதும் குளோரின் அளந்தேன், இன்று சூரியன் வருமுன் மறுபடி அளந்தேன். குறைவு ஒரு பிபிஎம்முக்கும் கீழே. வெயில் இல்லாத நேரத்தில் குளோரின் குறையவில்லை என்றால் அதைத் தின்ன நீரில் உயிருள்ள பாசி இல்லை என்று பொருள். இனி 12 வேண்டாம். தானாக 3க்கு இறங்கட்டும்.

மார்பிலைட்டில் ஆங்காங்கே பழுப்புக் கறைகள் தெரிகின்றன. ஒரு கறைமேல் குருணையைச் சிறிது நேரம் வைத்துப் பார்த்தேன், வெளுத்தது. அப்படியானால் இலைக்கறைதான், இரும்புக்கறை இல்லை. அது நாளடைவில் போகும்.

அக்டோபர் 12, சனி

பேரப்பிள்ளைகள் தீபாவளிக்கு வருகிறார்கள். அதற்குள் வேலி முடிய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன், இன்று முடிந்தது. இந்நாட்டுக் கட்டட விதிகளின்படி உயரம் 1.2 மீட்டருக்குக் குறையக்கூடாது. கதவு தானாகச் சாத்தித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். கம்பிகளுக்கிடையே 100 மில்லிமீட்டர் பந்து நுழைகிறதா என்று ஒவ்வோர் இடமாகச் சோதித்தோம். அதோடு குளத்தின்மேல் ஒரு பாதுகாப்பு வலையும் போட்டிருக்கிறோம்.

எனக்கு நீந்தத் தெரியாது. நான் சிறுமியாக இருந்த காலத்தில் டர்பன் கடற்கரையும் பொது நீச்சல்குளங்களும் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. 1953ஆம் ஆண்டின் தனித்தனி வசதிகள் சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நீர் என்றால் அஞ்ச வேண்டிய ஆறுதான். பேரப்பிள்ளைகள் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

அக்டோபர் 26, சனி

கரும்புச் சாம்பல். அறுவடைக்கு முன் தோகையை எரிப்பார்கள். மாலைக் காற்றில் கறுப்புச் சுருள்கள் பறந்து வந்து துணிக்கொடியிலும் குளத்திலும் இறங்கும். நீரில் மிதக்கும் வரையில், மேல்மட்ட நீரை உள்ளிழுக்கும் சுவர் வாயான வியர் அவற்றை இழுத்துக்கொள்ளும். தொட்டாலோ மையாகக் கரைந்து, ஓரத்து ஓட்டு வரிசையில் கறுப்புக் கோடு விழும். எனவே எரிப்பு தெரிந்தவுடன் பம்ப்பைப் போட்டு, வியர் கூடையை வெறுமையாக்கி வைக்க வேண்டும். கோட்டைச் சோடா உப்பும் ஈரத்துணியும் எடுத்துவிடுகின்றன. சோப்பு வேண்டாம், நுரைக்கும்.

கொட்டகையில் கிடந்த பழைய கிரீப்பி கிராலி என்ற, குளத்தைச் சுத்தம் செய்யும் கருவிக்கு உள்சவ்வு மாற்றினோம். ஃபெர்டினாண்ட் ஷோவியே என்ற பொறியாளர் இந்த நாட்டில் கண்டுபிடித்து 1974இல் வெளிவந்த கருவி அது. பம்ப்பின் உறிஞ்சல் ஒன்றையே கொண்டு தரையில் தட்டித் தட்டி நகர்கிறது, தனி மின்சாரம் வேண்டாம். இங்கே குளத்தைச் சுத்தம் செய்யும் இத்தகைய எந்தக் கருவியையும் மக்கள் ‘கிரீப்பி’ என்றே அழைக்கிறார்கள்.

நவம்பர் 23, சனி

இரண்டு நாளாக இடியும் மழையும். நீர் விளிம்பைத் தொட்டு வழிந்தது. காரத்தன்மை 70, குளோரின் ஒன்றுக்கும் கீழே. மழைக்குப் பின் குளோரினை மட்டும் ஏற்றிவிட்டுப் போகிறவர்களின் குளம் சில நாள்களில் மறுபடி மங்குவதை இந்தத் தெருவிலேயே பார்க்கிறேன். 1.6 கிலோ சோடா இட்டு, பி.எச். பார்த்து, இருட்டிய பிறகு குருணை.

டிசம்பர் 16, திங்கள்

விடுமுறை. காலையிலிருந்து பிள்ளைகள் நீரில். “ஆயா, பாருங்க, நான் மிதக்கிறேன்!” என்று சின்னவள் கத்தினாள், அவள் அப்பா இடுப்பளவு நீரில், ஒரு கை தூரத்திலேயே நின்றிருந்தார். ஆள் கூடினால் குளோரின் செலவும் கூடும்: காலையில் 3, மாலை ஐந்து மணிக்கு ஒன்றரை. எல்லோரும் வெளியேறிய பிறகு 105 கிராம் இட்டோம். பி.எச். 7.7க்கு ஏறியிருக்கிறது, நாளை காலை, குளோரின் கரைந்து கலந்த பிறகு, ஆழமான முனையில் சிறிது ஆசிட் விட வேண்டும். ஸ்டெபிலைசரும் அளந்து ஒரு மாதம் ஆகப்போகிறது.